கல்யாணத்துக்குப் போகாத கேமரா

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் முதலில் கோயில்பிள்ளைக்குச் சொல்லுவோம், மணி அடிப்பதற்காக. அடுத்து ஸ்டூடியோவுக்கு. சவப்பெட்டி வாங்க ஆள் கிளம்புவது அதற்குப் பிறகுதான். குளச்சலை அடுத்த கடற்கரை ஊர். ஆண்களில் பாதிப்பேர் வளைகுடாவில் அரபிகளின் படகுகளில் மீன் பிடிக்கிறார்கள். சாவுக்கு அவர்களால் வர முடியாது. ஆகவே போட்டோகிராபர் வருவார். தலைமாட்டில் மடித்த போர்வையைக் கொடுத்துப் பெட்டியைக் கொஞ்சம் உயர்த்துவார். பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள், சம்பந்தக்காரர்கள் என்று முறைவைத்துப் பெட்டியைச் சுற்றி நிற்பார்கள். "எல்லாரும் இஞ்ச பாருங்க" என்பார். எல்லோரும் அழுகையை நிறுத்தி அங்கே பார்ப்பார்கள். வெளிச்சம் அடித்து முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து அழுவார்கள்.

வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பஸ் பிடித்து வந்துவிடுகிறவர்கள். இப்போது எங்கள் ஊரிலும் போனில் நேரடியாகக் காட்டிவிடுகிறார்கள், ஆல்பத்துக்கு வேலை குறைந்துவிட்டது. நான் சொல்வது அதற்குக் கொஞ்சம் முந்திய காலம்.

அப்பா திடீரென்று போனார். காலையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், அவ்வளவுதான். தம்பியின் பாஸ்போர்ட் அரபியின் கையில் இருந்தது, அவன் வரவில்லை. ஸ்டூடியோக்காரர் எடுத்த ஆல்பத்தை, விடுமுறை முடிந்து திரும்பிப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டோம். அது கிடைத்த அன்று தம்பி போன் செய்தான். "இன்னைக்குத்தான் அக்கா அழுதேன். அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் விளங்கல்ல" என்றான். அதை அம்மாவிடமும் சொன்னேன். சில மாதம் கழித்து அம்மாவிடம் வேறொன்று சொன்னான். அப்பாவை நினைத்தால் பெட்டிக்குள் கிடக்கிற முகம்தான் வருகிறதாம். மூக்கில் பஞ்சு வைத்த முகம். வேறு முகமே ஓர்மை வரமாட்டேன் என்கிறதாம்.

முதலில் சொன்னதை அம்மா மறந்துவிட்டாள். இரண்டாவதைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அம்மாவுக்கே நோய் வந்தது. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இனி மருந்து வலிக்குத்தான் என்றார். நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. காலமெல்லாம் மீன் விற்றவள், கண்ணைப் பார்த்தே எந்த நாள் மீன் என்று சொல்லுகிறவள். டாக்டரின் கண்ணையும் பார்த்திருப்பாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே பேசினாள்.

"ஏட்டி, என்னைப் பெட்டியில வச்சு போட்டோ எடுக்கப்பிடாது, கேட்டியா?"

"இப்பம் எதுக்கு அந்தப் பேச்சு?"

"இப்பம்தான் பேச முடியும். உயிரோட இருக்கும்போ ஒண்ணு எடு. கண்ணைத் திறந்து நான் அவனைப் பாக்கிற மாதிரி. அதை அவனுக்கு அனுப்பு. வேற ஒண்ணும் போகப்பிடாது."

நான் சரி என்றேன். தக்கலை வருவதற்குள் தூங்கிவிட்டாள். அவள் தலை என் தோளில் கிடந்தது, கனமே இல்லை. எனக்கு அழுகை வந்தது. கண்டக்டர் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு போட்டோ எடுப்பது என்ன பெரிய காரியம் என்று அப்போது நினைத்தேன். என் போனில் கேமரா என்ற பெயரில் ஒன்று இருந்தது. அதில் எடுத்தால் அம்மாவும் ஆட்டுக்கல்லும் ஒரே மாதிரி தெரிந்தார்கள். தம்பியிடம் சொன்னேன், எதற்கு என்று சொல்லவில்லை. அம்மாவுக்குச் சுகமில்லை, ஒரு நல்ல படம் எடுத்து அனுப்புகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவன் ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா கொடுத்தனுப்பினான். வெள்ளி நிறம், சோப்பு டப்பா அளவு. கூடவே சாக்லேட்டும் தைலமும்.

அந்த சோப்பு டப்பாவோடு நான் பட்ட பாடு சொல்லி முடியாது. கடல்காற்றுக்குப் பயந்து எங்கள் வீட்டு ஜன்னல்களெல்லாம் சின்னதாக வைத்தவை. உள்ளே பகலிலும் இருட்டுத்தான். பொத்தானை அழுத்தினால் கேமரா கொஞ்ச நேரம் யோசிக்கும். ஒரு சிவப்பு விளக்கு கண்ணைச் சிமிட்டும். பிறகு பிளாஷ் வெட்டும். அதற்குள் அம்மா கண்ணை மூடியிருப்பாள், அல்லது வலியில் முகத்தைத் திருப்பியிருப்பாள். பிளாஷை அணைத்தால் படம் கலங்கிப்போகும். பிளாஷோடு எடுத்ததில் ஒன்றே ஒன்றில்தான் கண் திறந்திருந்தது. அதிலும் முகம் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்து, பின்னால் சுவரில் கறுப்பாக ஒரு நிழல். அம்மா அதை வாங்கிப் பார்த்தாள்.

"இது பெட்டியில கிடக்கதுதான். நிமிந்து இருக்கு, அவ்வளவுதான்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

வெளியே கூட்டிக்கொண்டு போய் வெளிச்சத்தில் எடுக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். முடி முழுக்கக் கொட்டிப்போயிருந்தது. தெருவில் நாலு பேர் பார்க்க உட்கார அவள் ஒப்பவில்லை. நானும் கட்டாயப்படுத்தவில்லை. எங்கள் ஊரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததில் கால்வாசிதான் எனக்குத் தெரியும்.

எனக்கு அப்போது தக்கலையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. கல்யாணம் என்று ஒன்று நடந்து, முடிந்தும் போயிருந்தது. அந்தக் கதை இங்கே வேண்டாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எதிர்ச்சாரியில் இருந்த எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனேன். விற்பனைக்கு நின்றவன் என்னைவிட இளையவன், அவன் வாயில் மெகாபிக்ஸலைத் தவிர வேறு சொல்லே வரவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து பெரிய மூக்கோடு ஒன்றை எடுத்துவைத்தான்.

"அக்கா, இதுக்க சூம் பாருங்க. கன்னியாகுமரிக் கரையில நின்னுட்டு, பாறையில நிக்க ஆளுக்க மீசையை எண்ணலாம்."

"எனக்கு மீசை எண்ண வேண்டாம். இருட்டு முறியில, கைக்கெட்டுத தூரத்தில இருக்க ஒரு முகத்தை எடுக்கணும். பிளாஷ் இல்லாம."

"அதுக்கு ஆட்டோ மோடு உண்டு அக்கா."

ஆட்டோ மோடு எதற்கும் உண்டு. அவனிடம் சண்டை போட்டு என்ன ஆக? அன்றிலிருந்து வேலை முடிந்ததும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். பார்க்கப் பெரிதாக இருந்தாலும் மூக்கு நீண்ட அந்தக் கேமராவுக்குள்ளேயும் சோப்பு டப்பாவில் இருக்கிற அதே நகக்கண் அளவு சென்சார்தான் என்று தெரிந்தது. வெளிச்சத்தை வாங்குகிற அந்தத் தகடு பெரிதாக இருந்தால்தான் இருட்டு அறையில் முகம் முகமாக வரும். அது எஸ்எல்ஆரில்தான் உண்டு. உள்ளே கண்ணாடி வைத்த கேமரா. அழுத்தினால் யோசிக்காது, அழுத்திய நொடியிலேயே எடுத்துவிடும். புதிது வாங்க என் சம்பளம் காணாது. பழையது பார்க்கலாம், ஆனால் லென்ஸில் பூஞ்சணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கடற்கரையில் இருந்த கேமராவாக இருந்தால் இரண்டு தடவை பார்க்க வேண்டும். இதையெல்லாம் பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்தேன். அம்மாவுக்கு இனி மருந்தில்லை என்று சொன்னவர்கள் யாரும் இதைப் படிக்கவேண்டாம் என்று சொல்லவில்லையே. கையில் ஒரு வேலை இருந்தது எனக்கு நல்லதாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நாகர்கோவிலில் ஒரு மாடிப்படிக்கு மேலே, கேமரா பழுதுபார்க்கும் கடை. பழைய கேமராக்களை வாங்கி விற்கவும் செய்வார்கள். கடைக்காரர் கண்ணில் பூதக்கண்ணாடியோடு ஏதோ திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு வேண்டியதைச் சொன்னதும் அலமாரியிலிருந்து ஒன்றை இறக்கினார். கறுப்பு எஸ்எல்ஆர், பிடிக்கிற இடத்தில் ரப்பர் கொஞ்சம் தேய்ந்திருந்தது. லென்ஸ் சூம் இல்லாதது, வாய் அகலமானது. நான் படித்த பாடத்தில் இருந்த அதே லென்ஸ். கழற்றச் சொல்லி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பூஞ்சணம் இல்லை. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஆரு வச்சிருந்தது?" என்று கேட்டேன்.

"ஸ்டூடியோவில உள்ளது."

கீழே வைத்துவிட்டேன். ஸ்டூடியோக் கேமரா என்றால் கல்யாணம் கல்யாணமாக ஓடித் தேய்ந்திருக்கும், வாங்காதீர்கள் என்று படித்திருந்தேனே.

"இல்ல பாத்துக்கிடுங்க, இது கல்யாணத்துக்கே போனதில்ல. அவ்வளவு ஓட்டம் கிடையாது. ஷட்டர் நல்லா இருக்கு" என்றார்.

நான் என்ன மாதிரி முட்டாள் என்று பாருங்கள். கல்யாணத்துக்குப் போகாத ஸ்டூடியோக் கேமரா என்றதும் எனக்கு மகிழ்ச்சி வந்தது. அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். கல்யாணத்துக்குப் போகாத ஸ்டூடியோக் கேமரா வேறு எங்கே போயிருக்கும் என்று எங்கள் ஊரில் ஒரு சின்னப்பிள்ளையிடம் கேட்டாலும் சொல்லும். அவர் பொய்யும் சொல்லவில்லை. தோளில் மாட்டுகிற வார் ஒரு பக்கம் அறுந்து, வளையத்தோடு பச்சை வலைநூலால் கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் நம்ம பக்கத்து ஆள் வைத்திருந்தது போல என்று இன்னும் கொஞ்சம் பிடித்துப்போனது.

கொண்டுவந்து, ஈரம் ஏறாமலிருக்கத் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து ஊர் அடங்கிய நேரத்தில், அம்மாவை அடுக்களை வாசலுக்கு உள்பக்கமாக உட்காரவைத்தேன். கதவு வழியாக வெளிச்சம் பக்கவாட்டில் அவள் மேல் விழும், தெருவில் யாருக்கும் தெரியாது. கோயிலுக்குப் போகிற கணக்காகச் சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டுக்கொண்டாள். முடி இல்லாதது தெரியவில்லை. நான் கேமராவை எடுத்துக் கழுத்தில் மாட்டினேன்.

அவள் கேமராவைப் பார்க்கவில்லை. வாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்ச கொண்டா."

கொடுத்தேன். பச்சை நூல் முடிச்சை விரலால் தடவினாள்.

"இது உனக்க அப்பாவுக்க வலையில உள்ள நூலு."

நான் சிரித்தேன். பச்சை நூல் கடற்கரையில் எல்லார் வீட்டிலும் உண்டு என்றேன்.

"சிரிக்காத. அன்னைக்குப் போட்டோ எடுக்கதுக்கு அந்த ஸ்டூடியோக்காரன் நாற்காலியில ஏறினான். வாரு அறுந்துபோச்சு. உனக்க சித்தப்பன்தான் பின்பக்கம் போய், பாதி பொத்திப் போட்டிருந்த வலையில இருந்து ஒரு முழம் வெட்டிக் கொண்டுவந்து கட்டினான். நான் பெட்டிப் பக்கத்தில இருந்து பாத்துட்டே இருந்தேன். வலையை வெட்டுகானேன்னுதான் எனக்கு அப்பம் தோணிச்சு."

பிறகு விசாரித்தபோதுதான் முழுக்கத் தெரிந்தது. அந்த ஸ்டூடியோவில் சாவுக்கென்று ஒரு கேமராவைத் தனியாக வைத்திருந்தார்கள். கல்யாண வீட்டில் சாவுக் கேமராவைக் காட்டினால் பெண்வீட்டார் விடமாட்டார்கள், அதற்காக. புதிது வாங்கியதும் இதைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். கடற்கரையில் யாரும் இதை வாங்கமாட்டார்கள் என்று நாகர்கோவில் மாடிப்படி ஏறியிருக்கிறது. நானும் பரீட்சைக்குப் படித்துவிட்டுப் போய், ஊரிலிருந்த எல்லாப் பெட்டிகளையும் பார்த்த கேமராவைத் தேடி வாங்கி, உயிரோடிருக்கிற அம்மாவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"நாளைக்கே திருப்பிக் கொடுத்திடுகேன்" என்றேன்.

"வேண்டாம். நாளைக்கும் மறுநாளைக்கும் எனக்குப் பொறுமை கிடையாது." முடிச்சை விட்டுவிட்டு முக்காட்டைச் சரிசெய்தாள். "செத்தவங்களைத்தானே பாத்திருக்கு. ஒருக்கா உயிரோட உள்ள ஆளையும் பாக்கட்டு. எடு."

எடுத்தேன். முதலில் எடுத்தவை எல்லாம் போட்டோவுக்கு உட்கார்ந்த முகங்கள். கல்லு மாதிரி இருந்தாள். கண் திறந்திருந்தது, ஆனால் ஒருவரையும் பார்க்கவில்லை.

"அம்மா, அவனைப் பாரு."

"அவன் எங்க இருக்கான்? இதுக்குள்ளயா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் லென்ஸுக்குள் உற்றுப் பார்த்தாள். கிணற்றுக்குள் விழுந்த வாளியைத் தேடுகிறவள் போலக் கழுத்தை நீட்டினாள். பிறகு, "லேய் மக்கா, சாப்பிட்டியா?" என்றாள். நான் அழுத்தினேன். கேமரா யோசிக்கவில்லை.

அந்தப் படத்தில் வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. புருவம் உயர்ந்திருக்கிறது. பதில் வருவதற்காகக் காத்திருக்கிற முகம். நோயாளி என்று யாரும் சொல்லமாட்டார்கள். அம்மாவுக்குக் காட்டினேன். "கொள்ளாம்" என்றாள். அவள் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டை யாரும் வாங்கியதில்லை. பிரவுசிங் சென்டரிலிருந்து தம்பிக்கு அனுப்பினேன். அவன் போன் செய்து, "சாப்பிட்டேன்னு சொல்லு அக்கா" என்றான். நான் ஒன்றும் சொல்லாமலே அவனுக்கு அது கேட்டிருந்தது. அந்த நாள் எனக்கு நிறைவாக இருந்தது.

மழைக்காலம் தொடங்கும் முன்பே அம்மா போய்விட்டாள்.

சொல்லியனுப்பாமலே ஸ்டூடியோக்காரர் வந்தார், புதுக் கேமராவோடு. வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். அப்பாவின் தங்கை, எங்கள் மாமி, ஊர் கேட்கக் கத்தினாள்: "போட்டோ எடுக்காத சாவு உண்டா? ஒரே ஆம்பிளப் பிள்ளை, அவனைப் பெத்த தள்ளையைக் கடைசியா ஒருக்கா காணண்டாமா?" கூட்டத்தில் ஒருவன் போனை உயர்த்தினான். பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன், கல்லறைக்குப் போய்வந்த பிறகுதான் கொடுத்தேன். எனக்குத் திமிர் என்றார்கள். கேமரா அரிசி டிரம்முக்குள்ளேயே இருந்தது.

பெட்டியை மூடுவதற்கு முன் தம்பி போன் செய்தான். படகில் இருந்தான், இஞ்சின் சத்தம் கேட்டது.

"அக்கா, கிடத்தினதை போட்டோ எடுத்து அனுப்பு."

"அம்மா வேண்டாம்னு சொன்னா மக்கா. அவளுக்க போட்டோதான் உன்கிட்ட இருக்கே."

"அது உயிரோட உள்ளது."

"அதைத்தான் வச்சிருக்கச் சொன்னா."

"அப்பாவைக் கண்ட பிறகுதான் நான் அழுதேன்" என்றான். இஞ்சின் சத்தத்துக்கு நடுவே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "சரி. அவ சொன்னான்னா சரி" என்று வைத்துவிட்டான். அங்கேயே கையில் போனோடு நின்றேன். பெட்டி திறந்துதான் இருந்தது. டிரம் அடுக்களையில் இருந்தது. நான் போகவில்லை. பஸ்ஸில் சரி என்று சொல்லியிருந்தேன்.

அவன் ஒப்பந்தம் முடிந்து வந்தது அதற்கடுத்த வருஷத்துக்கும் அடுத்த வருஷம். வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் அட்டைப்பெட்டியைக் கூடத்தில் வைத்துத்தான் பிரிப்பார்கள். கயிறு சுற்றிய பெட்டி. வீட்டில் உள்ளவர்கள் சுற்றி உட்காருவார்கள். எனக்கு ஒரு சேலை, மாமிக்குத் தைலம், சித்தப்பாவுக்கு டார்ச்லைட் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். கடைசியில் அடியிலிருந்து ஒரு சின்னப் பொதியை எடுத்துப் பிரித்தான். பெண்கள் போடுகிற செருப்பு. மெத்தென்றது, பட்டை அகலமானது. கைகளில் வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுப்பது என்று தெரியாதவன் போலச் சுற்றிப் பார்த்தான்.

"அவளுக்குக் கால் வீங்குமே" என்றான்.

மாமி எழுந்து அடுக்களைக்குப் போனாள். அவனுக்குப் பைத்தியமில்லை. செலவுக்குப் பணம் அனுப்பியவன், திதிப் பூசைக்குச் சொல்லச் சொன்னவன். எல்லாம் தெரியும். ஆனால் கடையில் செருப்பைக் கண்டபோது அவனுக்குள் இருந்தது படத்திலிருந்த அம்மா, பதிலுக்குக் காத்துக்கொண்டு, சாப்பிட்டியா என்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா. அவளுக்கு வாங்கியிருக்கிறான்.

கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சிமென்ட் மேடையைப் பார்த்தபடி நின்றான். யாரோ ஊர்க்காரர் கல்லறையைப் பார்ப்பது போல நின்றான். அழவில்லை. திரும்பி வரும்போது மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நீ எடுத்திருக்கணும் அக்கா. அவ சொன்னாலும் நீ எடுத்திருக்கணும்."

அவள் சொன்னது அவனுக்காகத்தான் என்று சொல்ல நினைத்தேன். அவனுக்கும் அது தெரியும், தெரிந்துதான் சொல்லுகிறான் என்று தோன்றியதால் சொல்லவில்லை.

கேமராவைப் பிறகு யாரும் எடுக்கவில்லை. அரிசி டிரம்முக்குள் இருந்தும் லென்ஸுக்குள் பூஞ்சணம் படர்ந்துவிட்டது. செருப்பு வாசலில் மற்றச் செருப்புகளோடு கிடக்கிறது. வீட்டைப் பெருக்கும்போது எடுத்து, பெருக்கி முடித்ததும் அதே இடத்தில் திருப்பி வைக்கிறேன்.